பல்கலைக்கழகங்கள் வளர்த்த கருவி நூல்கள்

ஆய்வு வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கொள்கைகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். ஒருவர் ஒரு நூலின் காலத்தைத் துணிந்தார். மற்றொருவர் அதனை மறுத்தார். மூன்றாமவர் இருவரையும் மறுத்துப் புதியதொரு கருத்தை நிறுவினார் என்று அவ்வரலாறு செல்லும். இது தேவையான வரலாறே. ஆயினும் முழுமையான வரலாறு அன்று. கருத்தை நாட்டுவோர்க்கும் அதனை மறுப்போர்க்கும் பொதுவில் நின்று பயன்படும் நூல்கள் சில உள்ளன. அகராதி, செம்மையான மூலப்பதிப்பு, சொல்லடைவு, பெயரடைவு, நூற்பட்டியல் என்பன அவை. இலக்கணம், நிகண்டு முதலியவற்றைக் கருவி நூல்கள் என வழங்கிய நம் மரபையொட்டி இவற்றையும் கருவி நூல்கள் எனலாம். இவற்றை முதற்பக்கம் தொடங்கி இறுதிப்பக்கம் வரை படிப்போர் மிகச் சிலர். கையில் எடுத்துப் பார்ப்போரோ பலர்.

இருபதாம் நூற்றாண்டில் பல்கலைக்கழக ஆசிரியர்கள் தமிழுக்கு ஆற்றிய பணியின் பரப்பு பெரிது. இலக்கிய வரலாறு எழுதியோர், இலக்கணத்துக்கு விளக்கம் கண்டோர், கல்வெட்டுகளைக் கொண்டு அரசர் வரலாற்றை அமைத்தோர், இசைநுணுக்கம் ஆராய்ந்தோர், மொழிபெயர்த்தோர் எனப் பலர் அவருள் உளர். மு. வரதராசனார் ஒருபுறம் சங்க இலக்கிய ஆய்வும் மறுபுறம் நாவல்களும் எழுதினார். இலங்கைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியில் நாடகங்கள் யாத்தார். அகராதிப் பதிப்பாசிரியரான எஸ். வையாபுரிப்பிள்ளையும் 'ராஜி' என்னும் நாவலொன்று எழுதியவரே. இப்பரப்பு முழுவதையும் ஒரு கட்டுரையில் அடக்குதல் இயலாது. ஆதலின் கருவி நூலாக்கம் என்னும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எவ்வாறு தொடங்கிற்று, பிற ஆய்வுகளுக்கு எங்ஙனம் அடித்தளமாயிற்று, இன்று அதன் நிலை யாது என்பவற்றை இவண் காணலாம்.

தொடக்க நிலை

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 ஆம் ஆண்டில், கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்கள் தோன்றிய அதே ஆண்டில் நிறுவப்பெற்றது. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்த இம்மூன்றும் தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே இருந்தன. கற்பித்தல் கல்லூரிகளில் நிகழ்ந்தது. ஆய்வென்பது தனியொருவரின் ஆர்வத்தையும் பொருள்வசதியையும் பொறுத்ததாயிற்று.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற்பட்டதாரிகள் இருவருள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை. பிற்காலத்தில் கலித்தொகையை 1887 இல் முதன்முதலாக அச்சேற்றியவரும் அவரே. ஆனால் அப்பதிப்பைப் பல்கலைக்கழகம் செய்விக்கவில்லை. பட்டதாரி ஒருவர் தம் முயற்சியாற் செய்தார். கும்பகோணம் அரசினர் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் தமிழாசிரியராக விளங்கிய உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887 இலும், சிலப்பதிகாரத்தை 1892 இலும், புறநானூற்றை 1894 இலும் வெளியிட்டார். பகலில் வகுப்பும், எஞ்சிய நேரத்தில் ஏடுகளுமாக அவர் வாழ்ந்தார். ஏடு தேடியதும், கையொப்பம் சேர்த்ததும், அச்சுத்தாள் திருத்தியதும் அவருடைய சொந்தப் பொறுப்புகள். திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம்பிள்ளை 'மனோன்மணீயம்' இயற்றியதோடு, திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளை ஆராய்ந்து பண்டை அரசர் வரலாற்றையும் எழுதினார். தம் பாடத்துக்குப் புறத்தே நின்ற துறைகளில் அவர் பெற்ற தேர்ச்சி அக்காலக் கல்லூரி ஆசிரியரின் அறிவுப் பரப்புக்குச் சான்றாகும்.

இம்மூவரின் பணியும் அளவிடற்கரியது. எனினும் தனியொருவரின் ஆயுளுக்குள் அடங்காத பணிகளும் உள்ளன. ஒரு மொழியின் சொற்கள் அனைத்தையும் திரட்டுதல் அத்தகையது. அதற்கு நிறுவனம் வேண்டும், தொடர்ச்சி வேண்டும், ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர வேண்டும். பல்கலைக்கழகத்தின் உண்மையான தேவை இங்கேதான் வெளிப்பட்டது.

அகராதி கண்ட கால் நூற்றாண்டு

1862 இல் வெளிவந்த வின்சுலோ அகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. ஆயினும் அது வெளிவந்த காலத்தில் சங்க நூல்கள் பெரும்பாலும் ஏட்டிலேயே இருந்தன. அவை அச்சேறிய பின்னர் அவற்றிலுள்ள சொற்களையும் உள்ளடக்கிய புதியதோர் அகராதி இன்றியமையாததாயிற்று. 1913 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் அப்பணி தொடங்கியது. அமெரிக்க மதுரை மிசனைச் சார்ந்த ஜே. எஸ். சாண்ட்லர் முதற்பதிப்பாசிரியராக அமர்ந்தார். முதற்பகுதி 1924 இல் வெளிவந்தது. 1926 இல் எஸ். வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றார். 1936 இல் ஆறு தொகுதிகளும், அதன்பின் அனுபந்தமாக 1939 இல் மற்றொரு தொகுதியும் நிறைவெய்தின. ஓர் இலட்சம் ரூபாயில் முடியுமெனத் தொடக்கத்தில் மதிப்பிடப்பெற்ற பணிக்கு முடிவில் நான்கு இலட்சத்துக்கு மேல் செலவாயிற்று. தொகுதிகளிலடங்கிய சொற்கள் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டன.

இவ்வகராதியின் சிறப்பு சொற்றொகையில் மட்டும் அமைந்ததன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒலிபெயர்ப்பும், சொல்வகையும், ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருளும், அப்பொருளுக்கு இலக்கியத்திலிருந்து ஆட்சிமேற்கோளும், இயன்றவிடத்துப் பிற திராவிட மொழிகளிலுள்ள இனச்சொல்லும் தரப்பெற்றன. பொருளைக் கூறிவிட்டு நிற்காமல், அப்பொருள் எங்கே வந்துள்ளது என்பதையும் காட்டியமையால் படிப்பவர் அகராதியையே சரிபார்க்க இயல்கிறது. ஆசிரியர் கூற்றை நம்புக என்று கேளாமல், 'இதோ சான்று, நீயே காண்க' என்று கூறும் முறை இது. கருவி நூலின் இலக்கணமே இதுதான்.

இத்தகைய பணி ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றது. தலைமைத் தமிழ்ப் பண்டிதராக மு. இராகவையங்கார் தொடக்கமுதல் இறுதிவரை ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தார். தொல்காப்பியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பி. சா. சுப்பிரமணிய சாஸ்திரியார் துணைப் பதிப்பாசிரியருள் ஒருவராக இருந்தார். இவர்களுக்குக் கீழே சீட்டு எழுதியோர், அகர வரிசையில் அடுக்கியோர், அச்சுத்தாள் திருத்தியோர் எனப் பெயர் அறியப்படாதோர் பலர். ஒருவர் எழுதிய சீட்டை மற்றொருவர் திருத்தியிருப்பர். மூன்றாமவர் மேற்கோள் சேர்த்திருப்பர். எச்சொல் எவருடைய உழைப்பு என்று பிரித்துக் காட்ட இன்று யாராலும் இயலாது.

குறைகளும் சுட்டப்பெற்றன. தமிழ்ச்சொற்கள் பலவற்றுக்கு வடமொழி மூலம் காட்டியது தவறென்று ஞா. தேவநேயப் பாவாணர் கடுமையாக எதிர்த்தார். அகராதியின் சீர்கேடுகளைத் தனி நூலாகவே எழுதினார். 1956 முதல் 1961 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் திராவிட மொழிநூல் துறையில் பணியாற்றிய அவர், பின்னர் 1974 இல் தமிழக அரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு இயக்குநரானார். அவர் 1981 இல் மறைந்தபின் 1985 இல் அதன் முதன்மடலம் வெளிவந்தது. மறுப்பதற்கும் முதலில் ஒரு நூல் கையில் இருத்தல் வேண்டும். சென்னை அகராதி அவ்வாறு இருந்தது. ஒரு கருவி நூலின் குறையிலிருந்து மற்றொரு கருவி நூல் பிறந்ததென்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை.

மேலைநாட்டிலும் இவ்வகராதியின் பயன் பெரிதாயிற்று. ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்து டி. பரோவும், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து எம். பி. எமனோவும் இணைந்து 1961 இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதி, தமிழ்ச் சொற்களுக்குச் சென்னை அகராதியையே முதன்மைச் சான்றாகக் கொண்டது. 1984 இல் வந்த அதன் திருத்திய பதிப்பில் 5,557 பதிவுகள் உள்ளன. மலைவாழ் மக்கள் பேசும் எழுத்தில்லா மொழிகளின் சொற்கள் தமிழ்ச் சொற்களுடன் அடுத்தடுத்து நிற்கும் காட்சியை அந்நூலிற் காணலாம்.

பதிப்பும் தொகுப்பும்

அகராதிப் பணி நிறைவெய்திய 1936 இல் வையாபுரிப்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவரானார். 1946 வரை அப்பதவியில் இருந்த அவர் பதிப்பித்த நூல்களுள் 'புறத்திரட்டு' பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. தொகுத்தவர் பெயர் தெரியாத இப்பழந்தொகைநூல், மறைந்துபோன நூல்களின் பாடல்கள் சிலவற்றைக் காத்துத் தந்தது. முத்தொள்ளாயிரத்திலிருந்து இன்று நமக்குக் கிடைத்துள்ள பாடல்களும், தகடூர் யாத்திரைப் பாடல்கள் சிலவும் இத்தொகையால் உயிர்பிழைத்தவையே. முழுநூல் அழிந்தபின்னும் தொகுப்பாளர் ஒருவரின் உழைப்பு அதன் பகுதியைக் காக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1940 இல் சைவ சித்தாந்த மகாசமாஜத்தின் வாயிலாக அவர் பதிப்பித்த 'சங்க இலக்கியம்: பாட்டும் தொகையும்' வேறொரு வகையிற் குறிப்பிடத்தக்கது. நூல்வாரியாக அன்றிப் புலவர்வாரியாகப் பாடல்கள் அதில் அமைக்கப்பெற்றன. கபிலர் பாடியன யாவும் ஓரிடத்தில்; பரணர் பாடியன யாவும் ஓரிடத்தில். 473 புலவர்கள், 2,381 பாடல்கள் என்று இன்று மேடைதோறும் சொல்லப்படும் கணக்கு அப்பதிப்பின் வழி வந்ததாகும். ஒரு புலவரின் நடையையும் உவமையையும் ஒருசேர ஆராய விரும்புவோர்க்கு அவ்வமைப்பு புதிய வாயிலைத் திறந்தது.

வையாபுரிப்பிள்ளையின் கால ஆராய்ச்சி தமிழகத்திற் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. தொல்காப்பியம், திருக்குறள், சிலப்பதிகாரம் முதலியவற்றைப் பிற்காலத்தனவாகக் கொண்ட அவர் முடிபுகளைப் பல அறிஞர் ஏற்கவில்லை. எதிர்த்தோரின் வாதங்களிற் பல வலிமையுடையன. ஆனால் அவரை மறுத்து எழுதிய நூல்களின் ஆசிரியரும் ஒரு சொல்லின் ஆட்சியைக் காண அவர் பதிப்பித்த அகராதியையே புரட்டினர். பாடலைக் காண அவர் பதிப்பையே எடுத்தனர். ஓர் அறிஞரின் கொள்கை வீழ்ந்த பின்னும் அவர் செய்த கருவி நிற்கக்கூடும் என்பதை அறிய இதனை நினைத்தல் போதும்.

அவருக்குப்பின் தமிழ்த்துறைத் தலைமையேற்ற ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' 1946 இல் வெளிவந்தது. இன்னோசை மிக்க உரைநடைக்காகப் போற்றப்பெறும் அவருடைய 'தமிழின்பம்' 1955 இல் தமிழுக்கு வழங்கப்பெற்ற முதல் சாகித்திய அகாதெமிப் பரிசினைப் பெற்றது. எனினும் ஊர்ப்பெயராய்வில் இறங்குவோர் இன்றும் முதலிற் தேடுவது ஊரும் பேருமே. முல்லை நிலத்து ஊர், மருத நிலத்து ஊர், கோயிலாற் பெயர் பெற்ற ஊர், குடியாற் பெயர் பெற்ற ஊர் என அவர் வகுத்த முறை பின்வந்தோர்க்கு வழித்துணையாயிற்று.

கல்வெட்டிலிருந்து வரலாறு

1914 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாறு, தொல்லியல் ஆகியவற்றுக்கான பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பெற்றது. முதலில் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும், 1929 முதல் 1947 வரை கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரும் அப்பதவியை வகித்தனர். சாஸ்திரியாரின் 'சோழர்கள்' என்னும் ஆங்கில நூல் 1935, 1937 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளைக் கொண்டு அரசர் வரிசையையும் ஆட்சிமுறையையும் முதன்முதலாக ஒரு கோவையாக்கிய நூல் அது. தமிழிலக்கியச் சான்றுகளுக்கு அவர் வையாபுரிப்பிள்ளையின் துணையை நாடினார் என்பது இரு துறைகள் கைகோத்த செய்தியாகும்.

ஆயினும் அந்நூல் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் மட்டும் அறிந்தோர்க்குச் சோழர் வரலாற்றைக் கொண்டுசேர்த்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழாராய்ச்சித் துறையிற் பணிபுரிந்த தி. வை. சதாசிவ பண்டாரத்தார். அவருடைய 'பிற்காலச் சோழர் சரித்திரம்' 1949, 1951, 1961 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. மெய்க்கீர்த்திகளைத் தமிழ்ப் புலமையோடு பயின்ற அவர், இலக்கியச் செய்தியும் கல்வெட்டுச் செய்தியும் பொருந்துமிடங்களை நுட்பமாகக் காட்டினார்.

அடுத்த கட்டம் வேறு வகையிற் பிறந்தது. சோழராட்சி மையத்திலிருந்து வலுவாக நடத்தப்பெற்ற பேரரசு என்று சாஸ்திரியார் எழுதினார். அமெரிக்க அறிஞர் பர்ட்டன் சுடெயின், 1980 இல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்து, சோழநாடு தன்னாட்சியுடைய பல கூறுகளின் தளர்ந்த தொகுதியே என்றார். இவ்வழக்கை எதனைக் கொண்டு தீர்ப்பது? சிறந்த சில கல்வெட்டுகளை மேற்கோள் காட்டி இரு பக்கமும் வாதிடலாம், அதற்கு முடிவிராது. எல்லாக் கல்வெட்டுகளையும் எண்ணிப் பார்க்கும் வழி ஒன்றே எஞ்சியது.

அதற்குரிய கருவி முன்னரே ஆயத்தமாயிருந்தது. ஒய். சுப்பராயலு சோழநாட்டின் நாடு, வளநாடு ஆகியவற்றின் எல்லைகளைக் கல்வெட்டுச் சான்றால் வரைந்து 1973 இல் வெளியிட்டார். பின்னர் அவரும் சப்பானியப் பேராசிரியர் நொபொரு கராசிமாவும் தொரு மட்சுயியும் இணைந்து, அச்சேறிய சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் திரட்டிய பெயரடைவை 1978 இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். மூவேந்தவேளான், பிரமாதிராயன் முதலிய பட்டங்கள் எக்காலத்தில், எவ்வூரில், எத்தகையோர்க்கு வழங்கப்பெற்றன என்பதை அவ்வடைவு ஒரே நோக்கிற் காட்டியது. புரவுவரித் திணைக்களம் என்னும் வருவாய்த்துறையின் அலுவலர் பெயர்கள் பெருகிய காலமும் புலனாயிற்று. அரசு முழுவதும் மையப்பட்டதென்றும் கூறவியலாது. மையமே இல்லையென்றும் கூறவியலாது. முதலாம் இராசராசன் காலந்தொட்டு மையத்தை வலுப்படுத்தும் முயற்சி நடந்தது என்னும் நிதானமான முடிபு அதன்வழிப் பிறந்தது. சூடான வாதத்தைத் தணித்தது மற்றொரு வாதமன்று. பொறுமையாகத் தொகுத்த பெயர்ப்பட்டியல்.

சொல்லடைவும் மொழியியலும்

அகராதி ஒரு சொல்லின் பொருளைக் கூறும். சொல்லடைவோ அச்சொல் ஒரு நூலில் வரும் இடங்கள் அனைத்தையும் கூறும். 'கள்' என்னும் பன்மை விகுதி எந்நூலில் எத்திணைப் பெயரோடு வருகிறது, ஒரு வினைவடிவம் எந்நூலில் முதலில் தோன்றுகிறது என்பன போன்ற வினாக்களுக்கு நினைவாற்றலைக் கொண்டு விடையிறுத்த காலம் ஒன்றிருந்தது. நினைவு எத்துணைப் பெரிதாயினும் அது விட்டதை அதுவே அறியாது. 'இந்நூலில் இச்சொல் இல்லை' என்று துணிந்து கூறச் சொல்லடைவு வேண்டும்.

இக்குறையை நிறைக்க முனைந்தவருள் தலையாயவர் வ. அய். சுப்பிரமணியம். அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்று திரும்பிய அவர், கேரளப் பல்கலைக்கழகத்திலிருந்து புறநானூற்றுச் சொல்லடைவை 1962 இல் வெளியிட்டார். சொல்லின் ஒவ்வொரு வடிவமும், அதன் இலக்கணக் குறிப்பும், வரும் இடமும் அதில் உள்ளன. அவர் மாணவர் ஒவ்வொருவரும் பழைய நூலொன்றை எடுத்து அதற்குச் சொல்லடைவும் விளக்க இலக்கணமும் அமைப்பதை முனைவர் பட்ட ஆய்வாகக் கொண்டனர். ஒரு பட்டத்துக்காகத் தொடங்கிய ஏடு, பட்டம் கிடைத்தபின் அலமாரியில் உறங்காமல் அடுத்தவர்க்குக் கருவியாகும் வண்ணம் அவர் ஏற்பாடு செய்தார். தமிழ்நாட்டுக்கு வெளியே, திருவனந்தபுரத்தில் இருந்த ஒரு துறை சங்க நூல்களுக்கு இப்பணியைச் செய்தது என்பது நன்றியோடு நினைக்கத்தக்கது. 1981 இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் துணைவேந்தராக அவரே அமர்ந்தார். ஓலைச்சுவடி, கல்வெட்டு, சிற்பம், இசை, நாடகம், அகராதி எனத் தனித்தனித் துறைகளோடு ஆய்வையே முதன்மைப் பணியாகக் கொண்டு அது அமைந்தது; களஞ்சியப் பணிகளும் அங்கே தொடங்கின.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் மொழியியலுக்கு வேரூன்றினார். சட்டம் பயின்று, சென்னை மாநகராட்சியிலும் பணிபுரிந்து, பின் தமிழ்ப் பேராசிரியரான அவர் 1965 இல் தமிழ்மொழி வரலாற்றையும் தமிழிலக்கிய வரலாற்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1966 இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். இலக்கணப் புலமையும் புதிய மொழியியலும் பகையல்ல என்பதைத் தம் வாழ்வாற் காட்டியவர் அவர்.

கடல் கடந்த பணி

தமிழாய்வு தமிழகத்துக்குள் மட்டும் நிகழ்ந்ததன்று. 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலாநந்த அடிகள், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அறிவியற் பயிற்சியும் தமிழ்ப் புலமையும் ஒருங்கு வாய்த்த அவர், சிலப்பதிகார அரங்கேற்று காதையிலுள்ள இசைச் செய்திகளைக் கணக்கின் துணையோடு ஆராய்ந்து 'யாழ் நூல்' இயற்றினார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. அடுத்த திங்களில் அடிகள் மறைந்தார்.

அப்பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் வரிசை செழிப்பானது. வி. செல்வநாயகத்தின் 'தமிழ் இலக்கிய வரலாறு' 1951 இல் வெளிவந்தது. சு. வித்தியானந்தன் 'தமிழர் சால்பு' எழுதியதோடு நாட்டுக்கூத்தை மேடைக்கு மீட்டார். க. கைலாசபதியின் 'தமிழ் வீரயுகப் பாடல்கள்' பற்றிய ஆங்கில நூல் 1968 இல் ஆக்சுபோர்டு வெளியீடாக வந்தது. சங்கப் பாடல்களில் தொடர்களும் உவமைகளும் திரும்பத் திரும்ப வருவதைக் கிரேக்கக் காப்பியங்களோடு ஒப்பிட்டு, அவை வாய்மொழி மரபின் வழிப்பட்டன என்று அவர் வாதிட்டார். முடிபில் கருத்து வேற்றுமை இருப்பினும், இத்தகைய ஒப்பீட்டை மேற்கொள்ளவே செம்மையான பதிப்புகள் வேண்டும் என்பது நோக்கத்தக்கது.

மலாயாப் பல்கலைக்கழகத்து இந்தியவியல் துறைத் தலைவராயிருந்த தனிநாயக அடிகளின் பணி இவ்வரிசையில் தனித்து நிற்பது. 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைவதற்கும், 1966 இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடுவதற்கும் அவர் முன்னின்றார் என்பதைப் பலர் அறிவர். அதே 1966 இல் தமிழியல் நூல்களுக்கு அவர் தொகுத்தளித்த வழிகாட்டிப் பட்டியலை அறிந்தோர் சிலரே. மாநாட்டுப் பந்தல் சில நாட்களிற் பிரிக்கப்பட்டது. பட்டியலோ, தமிழைப் பற்றி உலகில் எவர் எவர் யாது எழுதினர் என்று தேடிய மாணவர் தலைமுறைகளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது.

அளவுகோலும் ஆய்வும்

இக்கருவிகள் பல இன்று இணையத்தில் உள்ளன. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தார் சென்னை அகராதியைக் கணிப்பொறியிற் புகுத்தினர். சிகாகோப் பல்கலைக்கழகம் அதனை எவரும் இலவசமாகத் தேடும் வண்ணம் அமைத்தது. 2023 இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் செவ்வியல் தமிழுக்கான வரலாற்றகராதித் திட்டமொன்று தொடங்கியது. கருவி நூல் பழையதாகலாம். அதன் தேவை பழையதாவதில்லை.

ஆயின் நம் பல்கலைக்கழகங்களில் இப்பணிக்குரிய இடம் யாது? 2010 இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகள் ஆசிரியரின் ஆய்வைப் புள்ளிகளால் அளந்தன. கட்டுரைக்கு இத்தனை, நூலுக்கு இத்தனை, ஆய்வு வழிகாட்டலுக்கு இத்தனை என்னும் கணக்கு அது. 2018 ஆம் ஆண்டின் விதிகளிலும் ஆய்வுப் புள்ளிக் கணக்கு இடம்பெற்றது. எழுதாதிருந்தோரை எழுதத் தூண்டிய நன்மை இக்கணக்குக்கு உண்டு. அதனை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் இருபத்தைந்து ஆண்டுகள் அகராதிச் சீட்டு எழுதிய பண்டிதருக்கு இக்கணக்கு எத்தனை புள்ளி தரும்? ஐந்தாண்டு உழைத்துப் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு ஒரு பதிப்பை உருவாக்குவதினும், அதே காலத்திற் பல கட்டுரைகள் எழுதுதல் பதவி உயர்வுக்கு எளிய வழி. எளிய வழி இருக்க அரிய வழியில் ஓர் இளைஞர் செல்வாராயின் அது அவருடைய தனிப்பண்பு, நிறுவனத்தின் சிறப்பன்று.

இதன் விளைவு வெளிப்படையாகத் தெரிவதன்று. கட்டுரைகள் பெருகும், கருத்தரங்க மலர்கள் பெருகும். ஆனால் அவை சான்றாகக் கொள்ளும் அகராதியும் பதிப்பும் அடைவும் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்டனவாகவே இருக்கும். முன்னோர் வெட்டிய கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டே இருப்போர், தூர்வாரவேண்டும் என்பதை நீர் வற்றும்போதுதான் உணர்வர்.

செய்யத்தக்கன அரியனவும் அல்ல. ஒரு நூலின் செம்மைப்பதிப்பையோ சொல்லடைவையோ முனைவர் பட்டத்துக்குரிய ஆய்வாகத் தயக்கமின்றி ஏற்கலாம். கேரளப் பல்கலைக்கழகத்தில் ஏற்றனர். ஒவ்வொரு துறையும் ஆசிரியர் மாறினும் மாறாத நெடும்பணி ஒன்றைத் தன்னதாகக் கொள்ளலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1913 இல் கொண்டது. கூட்டாகச் செய்த நூலில் ஒவ்வொருவர் பங்கையும் மதிக்கும் முறையை வகுக்கலாம். கல்வெட்டுப் பெயரடைவு மூவர் பெயரோடு வெளிவந்தது. இவற்றுள் எதுவும் புதிய கனவன்று; நம்மிடையே ஒருகால் நடந்தவையே.

இன்று ஒரு பெரிய நூலகத்தின் அகராதிப் பிரிவில் வையாபுரிப்பிள்ளை பதிப்பித்த தொகுதிகளும் பாவாணர் வழிவந்த அகரமுதலியின் மடலங்களும் ஒரே வரிசையில் நிற்கக் காணலாம். வாழ்நாளில் ஒன்றுபடாத இரு நெறிகள் அங்கே படிப்போன் பொருட்டு அருகருகே நிற்கின்றன. சொல்லொன்றின் பொருளறிய வரும் மாணவன் இரண்டையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துத் தன் முடிபைத் தானே காண்கிறான். அவனுக்குப்பின் வரும் மாணவனுக்கு அவ்வரிசையில் புதிய தொகுதியொன்றைச் சேர்த்துவைத்தல் இத்தலைமுறை ஆசிரியர்களின் கடனாகும்.